செமினார் ஹாலில் நோம்பி சாட்டிய கதை

புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற அம்மணிகளுக்கு, இந்தக் காலேஜில் முப்பத்தொரு வருசம் மணியடித்தவள் எழுதுகிறது.

கூட்டுவது, துடைப்பது, ஃபைல் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது, இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெண்டு நாளில் கை தானாகப் பழகிக்கொள்ளும். கைக்கு வேலை இல்லாமல் தலைக்கு மட்டும் வேலை வருகிற நேரம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் நம் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாலு நிமிசம்தான் இருக்கும். அந்த நாலு நிமிசத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகப் படியுங்க. மணி அடிக்கிறவளுக்கு அவசரம் கிடையாது, மத்தவங்களுக்குத்தான் அவசரம்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிப்போடுகிறேன். நான் மூணாங்கிளாஸ். அதிலும் மூணாங்கிளாஸில் பாதி நாள் காங்கேயம் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது என்று நெம்ப வருசம் இந்தக் காலேஜில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். முதல் எழுத்தைப் பார்ப்பேன், கடைசி எழுத்தைப் பார்ப்பேன், நடுவால் இருக்கிறதை நானே போட்டுக்கொள்வேன். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக வந்துவிடும்.

அந்தப் பத்தாவது தடவை என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊடு மதுக்கரையில். ஒரு தடவை சிங்காநல்லூரில் சொந்தக்காரர் ஊட்டு விசேசத்துக்குப் போய்விட்டு, அங்கேயே பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு பஸ் போர்டில் முன்னாடி ‘மது’ இருந்தது. கடைசியில் ‘ரை’ இருந்தது. ஏறி உட்கார்ந்து, சன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போட்டேன். முழிப்பு வந்தால் பல்லடம்.

கண்டக்டர் நல்ல மனுசன். "ஏனுங்கம்மா, இது மதுரைங்க. மதுக்கரைக்கு இந்தப் பக்கமாப் போகோணும்னா உலகத்தை ஒரு சுத்து சுத்தித்தான் வரோணுங்க" என்றார்.

"அப்படியே மதுரை மீனாட்சியைப் பாத்துட்டு வரலாம்னுதானுங்க ஏறினேன்" என்று சொல்லி, பல்லடத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கோணும். வரவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். தத்துவப் பாடம் எடுக்க ஒரு டீச்சரம்மா வந்தார். பேர் வேண்டாம், இப்போதும் இங்கேதான் இருக்கிறார், நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. ஆறு வருசமாக கெஸ்ட் லெக்சரர். கெஸ்ட் என்றால் விருந்தாளியாம். விருந்தாளிக்கு நாம் நாற்காலி போடுவோம், காலேஜில் போட மாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் அவருக்கென்று மேசை இல்லாததால், மணிக்குக் கீழே கிடக்கிற என் ஸ்டூலில் உட்கார்ந்துதான் புஸ்தகம் படிப்பார். நான் அடிக்கப் போகும்போது காதைப் பொத்திக்கொள்வார்.

நான் தினமும் ஒன்று கேட்பேன். "கண்ணு, கல்யாணத்தைப் பண்ணிப்போடுங்க. வயசு போகுது."

அவரும் தினமும் ஒன்றே சொல்வார். "வேலை நிரந்தரமாகட்டும்க்கா."

அந்த வருசம் மாசி மாசம், வெளியூரிலிருந்து ஒரு கமிட்டி வருகிறது என்றார்கள். தத்துவத்தில் பதினோரு பிள்ளைகள்தான் படித்தார்கள். கமிட்டிக்குப் பிடித்தால் அந்தப் பாடம் இருக்கும், டீச்சரம்மாவும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் ஜூன் மாசத்தோடு பாடத்தை மூடிப்போடுவார்கள், டீச்சரம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கமிட்டிக்கு முன்னால் அவர் ஒரு மணி நேரம் பேசோணும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் முச்சூடும் இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவர் வேகுவேகென்று வந்து என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். "அக்கா, ஹாலை நீங்கதான் ரெடி பண்ணணும். எல்லாம் இதுல எழுதியிருக்கேன். உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

உங்களுக்குத் தெரியாததா என்று ஒருத்தர் கேட்ட பிறகு, தெரியாது என்று சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க.

சீட்டில் என்ன இருந்தது என்று இப்போது எனக்கு மனப்பாடம். "நாளை காலை 10 மணி. செமினார் ஹால். நோமோஸ். தேவையானதெல்லாம் தயாராக இருக்கட்டும்." பத்து மணி புரிந்தது. செமினார் ஹால் என்பது நான் தினமும் பூட்டுகிற கதவில் இருக்கிற எழுத்து. அதற்கு அடுத்த வார்த்தை ‘நோ’ என்று ஆரம்பித்தது. அதை ஒட்டி ஒரு ‘ம’ மாதிரி தெரிந்தது. கடைசியில் ஒரு எழுத்து பாம்பாட்டம் நெளிந்துகொண்டு கிடந்தது. அது டீச்சரம்மா போட்ட கையெழுத்து என்று விட்டுப்போட்டேன்.

நோ. ம். மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். நோம்பி.

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருக்கிற அம்மணிகளுக்குச் சொல்லிவிடுகிறேன். மத்த ஊரில் திருவிழா என்பதை நாங்கள் நோம்பி என்போம். மாசி மாசம், ஊருக்கு ஊர் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டியிருந்த நேரம். போன தடவை கமிட்டி வந்தபோது பொங்கல்பானை வைத்து, கோலம் போட்டு, நம் பாரம்பரியம் என்று காட்டினார்கள். இந்தத் தடவை நோம்பி காட்டுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நிமிசம் சந்தேகம் வராமல் இல்லை. அதைக் கொண்டுபோய் மைக்செட் பாயிடம் சொன்னேன். அவர் கோட்டைமேட்டுக்காரர். மைக், பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். எங்கள் காலேஜ் விசேசத்துக்கும் அவர்தான், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கும் அவர்தான். எந்த நோம்பிக்கு எங்கே என்ன கட்டோணும் என்று எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன்.

"ஏனுங்கக்கா, செமினார் ஹாலுக்குள்ள நோம்பியா? சுவத்துல ஆணி அடிச்சாலே பிரின்ஸ்பால் சத்தம் போடுவாருங்களே."

"டீச்சரம்மா எழுதிக் குடுத்திருக்காங்க பாய்."

"காட்டுங்க பாக்கலாம்."

சீட்டு என் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். "நான் படிச்சா பத்தாதுங்களா?" என்று கேட்டேன். பாய் மரியாதை தெரிந்தவர். "பத்துமுங்க, பத்துமுங்க" என்று வயரைச் சுருட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஆறரைக்கே வந்துவிட்டேன். பைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் பாதியை ஒடித்துத் தோரணம் கட்டினேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் நிறைய மஞ்சத்தண்ணி. புரொஜெக்டர் வைக்கிற மேசையில் வாழையிலை விரித்து, ஊட்டிலிருந்து பிடித்து வந்த மாவிளக்கை வரிசையாக வைத்தேன். பச்சரிசி மாவும் வெல்லமும், நெய்த்திரி போட்டது. பதினோரு பிள்ளைகள், கமிட்டி, பிரின்ஸ்பால், டீச்சரம்மா, பாய், நான், கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் தலையை எண்ணி, ஆளுக்கு ஒன்று.

எல்லாம் சரி, கம்பத்துக்கு என்ன செய்வது? மாரியம்மன் நோம்பி என்றால் கோயில் முன்னால் மூணு கிளை பிரிந்த கம்பம் நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை சுத்தி, பொம்பளைகள் தண்ணி ஊத்தோணும். ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். மேடை நடுவில் மைக் ஸ்டேண்ட் நின்றுகொண்டிருந்தது. கீழே பார்த்தால் அதற்கும் மூணு கால். தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதானே என்று மஞ்சளைப் பூசி வேப்பிலையைச் சுத்திப்போட்டேன்.

பாய் அதை நெம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தானுங்க இருக்குது. தண்ணி மட்டும் ஊத்திராதீங்க அக்கா. ஷாக் அடிச்சா எனக்குக் கெட்ட பேருங்க."

பிறகு அவர் மொட்டைமாடியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி மேளத்தைப் போட்டுவிட்டார். காலேஜ் முச்சூடும் அதிர்ந்தது.

ஒன்பதே முக்காலுக்கு டீச்சரம்மா வந்தார். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை, கையில் கத்தைக் காகிதம். வாசலில் நின்றவர் நின்றவர்தான்.

"அக்கா, இது என்னது?"

"நோம்பிங்க கண்ணு. முச்சூடும் ரெடி."

"நோம்பின்னா?" என்று கேட்டவர், பாயிடம் திரும்பி, "நோமோஸ்னுல்லா எழுதிக் குடுத்தேன்" என்றார்.

"உங்க பக்கம் நோமோஸ்னு சொல்லுவீங்களாட்ட இருக்குது. நாங்க நோம்பின்னு சொல்றதுங்க." இது நான் அந்த நிமிசத்தில் கண்டுபிடித்துச் சொன்னது. அவர் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டது அதற்கு முந்தின நொடியில்தான். 

"எங்க பக்கம் கோயில் கொடைன்னு சொல்லுவோம்க்கா" என்றார். "நோமோஸ் கிரேக்கச் சொல்லு."

"கிரேக்கம்னா எங்கீங்க? நாகர்கோயிலுக்கு அக்கட்டாலயா?"

"கடலுக்கு அங்கிட்டு."

அப்போதுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. இருந்தாலும் எவ்வளவு தூரம் தப்பு என்று தெரிந்துகொள்ளோணும் இல்லையா? "அந்தச் சொல்லுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன்.

"வழக்கம். யாரும் உக்காந்து எழுதாம, எல்லாரும் செய்யுறாங்கன்னு செய்யுறது."

"சாங்கியமா?"

"ஆமாக்கா, சாங்கியம்."

"அப்ப நான் நெம்பத் தப்பா ஒண்ணும் செஞ்சுபோடலீங்களே."

அவர் அழுவாரா சிரிப்பாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் போட்டார். கமிட்டி காரை விட்டு இறங்கிவிட்டது, ஆபீஸில் டீ குடிக்காமல் நேராக ஹாலுக்கே வருகிறார்கள்.

"அக்கா, கழட்டிரட்டுங்களா?" பாய் ஸ்டூலில் ஏறி, கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறார்.

அம்மணிகளே, இதுதான் நான் சொன்ன நாலு நிமிசம். தோரணத்தை அறுத்துவிடலாம். மாவிளக்கை மேசைக்கு அடியில் தள்ளலாம். மைக் ஸ்டேண்டில் பூசின மஞ்சள் போகாது. மஞ்சத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பாதி தரையில் சிந்தும். கமிட்டி உள்ளே வரும்போது கிழிந்த வேப்பிலையும், வழுக்குகிற தரையும், மூச்சு வாங்குகிற மூணு பேரும் இருப்போம். பாதி கழட்டினது முழுத் தப்பைவிட அசிங்கம். பந்தி நடுவில் இலையை எடுத்த மாதிரி இருக்கும்.

"கழட்டாதீங்க பாய். மேளத்தை மட்டும் நிறுத்துங்க" என்றேன்.

டீச்சரம்மாவிடம் குனிந்து, "நீங்க பேச வந்ததைப் பேசுங்க கண்ணு. இது என்னன்னு கேட்டாங்கன்னா நான் பேசிக்கறேன்" என்றேன். முப்பது வருசம் மறைத்து வைத்ததைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். சேலைத் தலைப்பு முடிச்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். 

கமிட்டியில் ரெண்டு பேர். தலைவர் ஆந்திராக்காரர். மெட்ராஸில் படித்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். சாம்பல் கலர் கோட்டு, மூஞ்சி தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட ஷூ. இன்னொருத்தர் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மா. கையில் நோட்டு. அவர் சிரித்தால் அது நோட்டில்தான் இருக்கும் போல. பின்னால் நம் பிரின்ஸ்பால். ஹாலைப் பார்த்த உடனே கசாயம் குடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். ஆனால் விருந்தாளி முன்னால் என்னைத் திட்ட முடியாது. கண்ணாலேயே திட்டினார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

தலைவர் வாசலில் நின்றார். வேப்பிலையைப் பார்த்தார். மஞ்சத்தண்ணியைப் பார்த்தார்.  பிரின்ஸ்பால் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

கயிறு முடிச்சு விழுந்துகொண்டது. அதோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் ஷூ வந்தது. உள்ளே சாக்ஸில் ஒரு ஓட்டை. கட்டைவிரல் முழுசாக வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. அந்த அம்மாவும் செருப்பைக் கழட்டி ஓரமாக விட்டார். பிரின்ஸ்பாலும் கழட்டினார். பின்னால் வந்த பிள்ளைகள் பதினோரு பேரும் கழட்டினார்கள். பிரின்ஸ்பால் உள்ளே வருகிறபோது அவர் கை அவருக்கே தெரியாமல் பக்கெட்டில் முங்கி, தலையில் ரெண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டது.

டீச்சரம்மா அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த காகிதக் கத்தையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனார். மைக்கில் வாயை வைத்தவுடன் வேப்பிலை மூக்கில் ஏறி, பலமாக ஒரு தும்மல். ஸ்பீக்கரில் அது இடி மாதிரி விழுந்தது.

"மன்னிக்கணும்" என்றார். "சார், உங்களை ஒண்ணு கேக்கலாமா? ஷூவைக் கழட்டச் சொல்லி இங்க யாராவது சொன்னாங்களா?"

தலைவர் யோசித்தார். "இல்லைம்மா."

"போர்டு வச்சிருக்கா?"

சுற்றிப் பார்த்தார். "இல்லை."

"கழட்டாம வந்திருந்தா தண்டனை ஏதாவது?"

"அதெல்லாம் இல்லை. ஆனா எப்படிம்மா? வேப்பிலை கட்டியிருக்கே."

"அந்த ‘எப்படிம்மா’தான் சார் நோமோஸ்."

  அதற்கப்புறம் அவர் பேசினார் பாருங்க, தண்ணி பாய்கிற மாதிரி. அந்தக் காலத்துக் கிரேக்க நாட்டுக்காரர்கள் வழக்கத்துக்கும் சட்டத்துக்கும் இந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்களாம். ஊரே செய்கிறதும் நோமோஸ், ராசா எழுதி ஒட்டுகிறதும் நோமோஸ். ராசா எழுதினதை மக்கள் கேட்கிறார்கள் என்றால், அது மை போட்டு எழுதினதால் இல்லையாம், கேட்டுப் பழகினதால்தானாம். இது எனக்குப் புரிந்தது. கதவில் ‘தள்ளு’ என்று எழுதியிருந்தாலும் நம் பிள்ளைகள் இழுத்துத்தானே திறக்கிறார்கள்.

"இதே சொல்லுல அழுத்தத்தை முன்னால வச்சா வழக்கம். பின்னால தள்ளிச் சொன்னா மேய்ச்சல் நிலம்" என்றார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "கொறங்காடுங்களா?" என்று கதவோரத்திலிருந்து கேட்டுப்போட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர், "அப்படீன்னா என்னம்மா?" என்றார்.

இனிமேல் என்ன, பேசித்தானே ஆகோணும். "ஆடு மாடு மேயறதுக்குன்னே உட்டிருக்கற காடுங்க. சுத்தியும் கிளுவை முள்ளு வேலி போட்டிருக்கும். பெரிய கிடா நெனச்சா தாண்டிப்போடுமுங்க. ஆனாத் தாண்டாது. ஏன் தாண்டலைன்னு கிடாவைக் கேட்டா அதுக்கும் தெரியாது."

தலைவர் சிரித்துவிட்டார். நோட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எல்லாம் சரி. இந்தத் தோரணம், விளக்கு, இதெல்லாம் நீங்க திட்டம் போட்டுச் செஞ்சதா? அப்படின்னா நல்ல பாடம். இல்லைன்னா என்னன்னு எனக்குத் தெரியணும்" என்று டீச்சரம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

டீச்சரம்மா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரம்.   என்னைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை, பொய் சொல்லவும் வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையின் காது மடல் சிவந்துபோயிற்று.

நான் சேலைத் தலைப்பை அவிழ்த்து, சீட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

"நான் தப்பாப் படிச்சதுங்க. டீச்சரம்மா எழுதினது வேற. எனக்கு நடு எழுத்து வராதுங்க."

பிரின்ஸ்பால் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருசமாக ஆபீஸுக்கு வந்த தபாலையெல்லாம் பிரித்து அடுக்கினவள் நான். அவர் எதையோ நினைத்துக் கணக்குப் போடுவது தெரிந்தது. பாய் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது எப்போதோ தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா சீட்டைப் படித்தார். "நோமோஸ்… நோம்பி" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "சந்தேகம் வரலையா உங்களுக்கு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்களுக்குத் தெரியாததான்னு கேட்டுட்டாங்களுங்க" என்றேன்.

டீச்சரம்மா மைக்கிலிருந்து, "மேடம், அக்கா எழுத்தைப் படிக்கலை. பழக்கத்தைப் படிச்சிருக்காங்க. மாசி மாசம் ‘நோ’ன்னு பாத்தா இந்த ஊர்க் கண்ணுக்கு நோம்பிதான் தெரியும். நான் ஒரு மணி நேரம் பேச வந்ததை அவங்க காலையிலயே கட்டி முடிச்சிட்டாங்க. நான் திட்டம் போடலை" என்றார்.

அந்த அம்மா நோட்டில் என்னவோ எழுதினார். நெம்ப நேரம் எழுதினார். எழுதின வாட்டத்தைப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் நான் மாவிளக்கை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு வைத்தேன். தலைவர் சாக்ஸ் ஓட்டையை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கினார். தட்டில் ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்த்தார்.

"பிரமாதம்மா. இன்னொண்ணு குடுங்க."

"இல்லீங்க. ஆளுக்கு ஒண்ணுதானுங்க."

"அதுல ஒண்ணு இருக்கே?"

"அது கேட்டுல நிக்கற வாட்ச்மேனுக்குங்க."

பிரின்ஸ்பால் பல்லைக் கடித்துக்கொண்டு, "குடுங்கம்மா, குடுங்க, சாருக்குக் குடுங்க" என்றார். அவர் கண்ணில் என் பென்சன் காகிதம் பறந்து போனதைப் பார்த்தேன். பாய் என் முழங்கையை இடித்தார். எனக்குக் கை வரவில்லை. வேணும் என்று செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பங்கு வைத்த பொறவு ஒருத்தர் பங்கை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்கிறது என்பது என் கைக்குத் தெரியாது. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மைக்கில் டீச்சரம்மா குரல் கேட்டது. "சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இந்தச் சொல்லுக்கு வேர் என்னன்னா, பங்கு வைக்கிறது. அவங்கவங்களுக்கு உள்ளதை அவங்கவங்களுக்குக் குடுக்கிறது."

தலைவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். "வாட்ச்மேனுக்கே குடுத்திருங்க" என்றார்.

நோட்டுக்கார அம்மா அப்போதுதான் சிரித்தார். அதை நோட்டில் எழுதவில்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன தெரிந்துகொள்ளோணும் என்று கேட்டால், சந்தேகம் வந்தால் கேட்டுப்போடுங்க என்பேன். நான் கேட்டிருந்தால் மைக்கும் தண்ணி பாட்டிலும் வைத்திருப்பேன், அவர் காகிதத்தைப் பார்த்துப் படித்திருப்பார், தலைவர் தூங்கியிருப்பார். அது வேறு விசயம். அது எனக்கு நடந்தது, உங்களுக்கு நடக்காது. நீங்கள் கேளுங்க. ஆனால் பாதியில் கழட்டாதீங்க. தப்பு யாருடையது என்று கேட்டால், உங்களுடையது என்றால் சீக்கிரம் சொல்லிவிடுங்க. மெதுவாகச் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவர் காது சிவந்துபோகும்.

அதற்கப்புறம் பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. ஒரு சேதியும் இல்லை. டீச்சரம்மா என் ஸ்டூலில் உட்கார்ந்து, புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் வெசனம்தான். மத்தியானங்களில் அவர் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நடு எழுத்து மட்டும். மத்தது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

ஆனி மாசம் ஒரு நாள் பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கவரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மூச்சு இரைத்தது. காகிதத்தை என் மூஞ்சிக்கு நேராக நீட்டி, மேலே தடியாக இருந்த வார்த்தையைக் காட்டி, "படிங்கக்கா" என்றார்.

முதல் எழுத்து ‘நி’. கடைசி எழுத்து ‘ம்’.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. எந்த ஊரு மாப்பிள்ளைங்க?"

"மாப்பிள்ளையா?"

"நிச்சயமுன்னு போட்டிருக்குதுங்களே."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணி. "அக்கா, நடுவுல படிங்க. நடுவுல."

நான் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். நி. ய. ம. ன. ம்.

நியமனம்.

சேர்த்து இன்னொரு தடவை படித்தேன். பிறகு நேரம் எத்தனை என்று பார்க்கவில்லை. எழுந்து, கட்டையை எடுத்து, சாயங்காலம் அடிக்கிற நீள மணியை அடித்துவிட்டேன். கை நிற்கவே இல்லை. டீச்சரம்மா காதைப் பொத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லா வகுப்புக் கதவும் திறந்தது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாத்தியார்கள் சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். பாய் மைக் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து வைத்தார். பட்டப்பகல் பதினொன்றரை மணி. ஏன் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

எல்லோருக்கும் கடைசியாகப் பிரின்ஸ்பால் ரூமைப் பூட்டி, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது, "சரிங்கம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.